தம்பி மாடியில் தூங்குகிறான்

அன்புள்ள தம்பிக்கு,

அக்காவின் ஆசி எப்போதும் உனக்கு உண்டு. நானும் அத்தானும் இருக்கிறபடி இருக்கிறோம். அத்தான் தன் முழங்கால் வலியைப் பற்றித் தெருவில் பாதிப் பேரிடம் சொல்லி முடித்துவிட்டார். மீதிப் பேர் அவரைத் தூரத்தில் கண்டாலே வேறு பக்கம் திரும்பி நடக்கிறார்கள். தையல் கடையில் வேலைக்குக் குறைவில்லை. புதுத்துணி யாரும் கொண்டுவருவதில்லை, எல்லாம் பழையதைப் பிரித்துத் தைக்கிற வேலைதான். ஊரில் ஒருவரும் மெலிவதில்லை போலிருக்கிறது, இடுப்பை அகலப்படுத்தியே என் கண் போய்விட்டது.

உன் போனுக்கு அடித்தால், இந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் சொல்கிறாள். அவளோடு சண்டைகூடப் போட்டுப் பார்த்துவிட்டேன். எண்ணை மாற்றினால் அக்காவுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றாதா உனக்கு? அதனால்தான் பழையபடி உன் பட்டறை விலாசத்துக்குக் கடிதம் எழுதுகிறேன்.

நீ போட்ட கடிதம் வந்தது. நாலே வரி. வீட்டை விற்றுவிடு, எனக்கு இனிமேல் வீடு தேவைப்படாது, கையெழுத்துப் போடும் அதிகாரத்தைத்தான் உனக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேனே என்கிறாய். சரி, விற்கிறேன். வீடு உன் பெயரில் இருக்கிறது, நீ சொன்னால் சரி. வெளிநாட்டிலேயே குடியும் குடித்தனமுமாக இருந்துவிடப் போகிறாய் என்று அத்தான் சந்தோஷப்படுகிறார். அப்படி யாராவது இருந்தால் எனக்கு முதலில் சொல். ஆனால் எழுத்து ஏன் இப்படிக் கோழி கிளறியது போல் இருக்கிறது? அச்சில் வார்த்தது போல எழுதுகிறவன் நீ. லேத்தில் மயிரிழை பிசகாமல் இரும்பைச் சீவுகிறவனுக்கு நாலு வரி எழுத இவ்வளவு அவசரமா?

வீட்டைப் பற்றிச் சொல்கிறேன். குடியிருந்தவர்கள் காலி செய்த பிறகு அது என் பிராணனை வாங்குகிறது. ஆள் இல்லாத வீடு சும்மா கிடக்கும் என்று நினைத்துவிடாதே. குழாயைத் திறந்துவிடாமல் இருந்தால் தண்ணீர் துருப்பிடித்துச் சிவப்பாக வருகிறது. குளியலறையில் தண்ணீர் போகும் துளையில் நாம் எதையாவது ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லையென்றால் அது காய்ந்து கரப்பான்பூச்சி குடும்பத்தோடு மேலே வந்துவிடும். ஜன்னலைத் திறந்தால் தூசி, மூடினால் பூஞ்சணம். மதியம் கடையைச் சாத்திவிட்டு நான் போய் இதையெல்லாம் செய்துவிட்டு ஓடி வருகிறேன்.

பார்க்க வருகிறவர்களும் வருகிறார்கள். புரோக்கர் ஒருவரைப் பிடித்திருக்கிறேன். இடுப்பில் இவ்வளவு பெரிய சாவிக்கொத்து, நடந்தால் மாடு வருகிற மாதிரி மணிச்சத்தம். அவர் கூட்டிவந்த ஓர் அம்மாள் அலமாரியெல்லாம் திறந்து மோந்து பார்த்துவிட்டு, முன்னால் இருந்தவர்கள் ஏன் போனார்கள் என்று என்னிடம் இரகசியமாகக் கேட்டாள். வேலை மாற்றலாகிப் போனார்கள் என்றேன். நம்பவில்லை. மருந்துக்கடைக்காரர் ஒருவரும் அவர் மனைவியும் மட்டும் மாடி அறையில் நின்று, கட்டிலை எங்கே போடலாம் என்று பேசிக்கொண்டார்கள். கட்டில் போட இடம் பார்க்கிறவர்கள்தான் வாங்குகிறவர்கள் என்று புரோக்கர் சொல்கிறார்.

தம்பி, உன்னிடம் சொல்வதற்கென்ன, அங்கே தனியாகப் போக எனக்குப் பயமாக இருக்கிறது. பட்டப்பகலில்தான் போகிறேன். ஆனாலும் சாமான் இல்லாத அறையில் என் செருப்புச் சத்தமே எனக்குப் பின்னால் நடந்து வருகிறது. பின்தெருவில் ஒரு வீட்டுச் சொந்தக்காரர் வெளியூரில் இருக்கிறார். யாரோ பூட்டை உடைத்துக் குடியேறிவிட்டு, நாங்கள் வாடகைக்கு இருக்கிறோம் என்று ஏதோ காகிதத்தைக் காட்டுகிறார்களாம். அவர் கோர்ட்டுக்கு நடந்துகொண்டிருக்கிறார். புரோக்கர் அதைச் சொல்லித்தான் என்னைப் பயமுறுத்தினார். "காலி வீடுன்னு தெரிஞ்சா காக்காகூடக் குடிவந்துடும்மா. உள்ள ஆள் இருக்கிற மாதிரி வச்சுக்கோங்க" என்றார்.

வைத்துவிட்டேன். வாசலில் உன் பழைய செருப்பு. மாடிப் பால்கனிக் கொடியில் உன் பழைய சட்டைகளைக் காயப்போட்டிருக்கிறேன். தடவைக்கு ஒன்றாக மாற்றி மாட்டுகிறேன். மாடி அறை மூலையில் மடக்குக் கட்டிலும் இருக்கிறது. எதிர்வீட்டு டீச்சர், சட்டை யாருடையது என்று கேட்டார். என் வாய் சும்மா இருக்குமா? தம்பி வெளிநாட்டிலிருந்து வந்துவிட்டான், இங்கே ராத்திரி ஷிப்ட் வேலை, பகலில் மாடியில் தூங்குகிறான், யாரோடும் அதிகம் பேச மாட்டான், எழுப்பினால் கோபம் வரும் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். குறட்டை விடுவான் என்றுகூடச் சேர்த்துக்கொண்டேன். பாவம் டீச்சர், அன்றிலிருந்து கேட்டை மெதுவாகச் சாத்துகிறார். நீ அங்கே லேத்தில் நிற்கிறாய், இங்கே மாடியில் தூங்குகிறாய்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. புது எண்ணை எழுது.

உன் நலமே நினைக்கும்
அக்கா

* * *

அன்புள்ள தம்பிக்கு,

ஆசிகள். உன்னிடமிருந்து பதில் இல்லை. தபால் தாமதம் என்று நினைத்துக்கொள்கிறேன். இந்தக் கடிதத்தில் நலம் விசாரிக்க எனக்குப் பொறுமை இல்லை.

இன்று மதியம் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்து உள்ளே கால் வைத்ததும் எங்கோ சொட்டுச் சொட்டென்று சத்தம். சமையலறைக் குழாயைப் போய் முறுக்கினேன். அது மூடித்தான் இருந்தது. குளியலறைக் குழாயும் மூடியிருந்தது. சத்தம் நிற்கவில்லை. மாடியிலிருந்து வருகிறது என்று தெரிந்ததும் ஓடிவிட்டிருக்க வேண்டும், என் புத்தி பார், ஓட்டைக் கூரையோ என்று மேலே ஏறினேன். விற்கிற வீட்டில் ஒழுகல் இருந்தால் என்ன ஆவது என்ற கவலை.

ஒழுகல் இல்லை தம்பி. கொடியில் உன் சட்டை சொட்டிக்கொண்டிருந்தது. நான் மாட்டியது காய்ந்த சட்டை. அலமாரியிலிருந்து எடுத்து அப்படியே மாட்டியது. அதை யாரோ துவைத்துப் போட்டிருக்கிறார்கள்.

துவைத்தவன் பிழியக்கூட இல்லை. கீழே குளம். சோம்பேறித் திருடன். அதோடு, மேல் பட்டன் இரண்டைத் தவிர மற்றதெல்லாம் போட்டபடியே இருக்கிறது. பட்டனைக் கழற்றக்கூட உடம்பு வணங்காமல் தலை வழியாக இழுத்துக் கழற்றி, அப்படியே முக்கி எடுத்துத் தொங்கவிட்டிருக்கிறான். இதை இப்போது எழுதும்போது சிரிப்பாக இருக்கிறது. அங்கே நிற்கும்போது சிரிப்பு வரவில்லை.

மடக்குக் கட்டில் விரித்திருந்தது. பக்கத்தில் ஒரு ரொட்டி உறை, பல்லால் கடித்துக் கிழித்த மாதிரி. சோப்பு ஈரம். ஆள் இல்லை. அல்லது இருந்து நான்தான் பார்க்கவில்லை, கடவுளுக்குத்தான் வெளிச்சம். மாடிக் குளியலறைக் கதவுக்குப் பின்னால் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. படியில் எப்படி இறங்கினேன் என்பதும் நினைவில்லை. தெருவுக்கு வந்த பிறகுதான் ஒரு செருப்பு காலில் இல்லை என்று தெரிந்தது.

பூட்டு உடையவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயம். சாவி உள்ள ஆள். புரோக்கரின் கொத்திலிருந்து எத்தனை பேர் கைக்குப் போயிருக்கிறதோ. நான் தெருவில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டு டீச்சர் வந்தார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "உங்க தம்பியை நேத்து பார்த்தேன். மாடி ஜன்னல்ல நின்னுக்கிட்டிருந்தார். நான் கையை ஆட்டினேன், அவர் ஆட்டலை. நீங்க சொன்னது சரிதான், ரொம்ப ஒதுங்கின ஆளு" என்றார். நான் என்ன சொல்வேன்? ஆமாம், அவன் அப்படித்தான் என்றேன்.

பார்த்தாயா நான் செய்த காரியத்தை? எவனோ ஒருவன் வீட்டுக்குள் புகுந்து உட்கார்ந்திருக்கிறான், தெருவே அவனை என் தம்பி என்று நினைத்து, அவன் தூக்கம் கெடாமல் நடக்கிறது. அவனுக்கு நானே காவல் போட்டுக் கொடுத்திருக்கிறேன். இப்போது போலீசுக்குப் போனால், நீங்கள்தானே உங்கள் தம்பி என்று சொன்னீர்கள் என்று டீச்சரே சாட்சி சொல்வார்.

அத்தானிடம் சொன்னேன். டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "எலியா இருக்கும்" என்றார். எலி எப்போது சோப்புப் போட்டுத் துவைக்க ஆரம்பித்தது என்று கேட்டேன். டிவி சத்தத்தைக் கூட்டினார்.

மருந்துக்கடைக்காரர் வாங்குவது முடிவாகிவிட்டது. திங்கட்கிழமை பதிவு. வீட்டைக் காலியாக, சுத்தமாக ஒப்படைக்க வேண்டும் என்பது பேச்சு. உள்ளே ஒருவன் இருக்கிறான் என்று தெரிந்தால் அவர் விலகிவிடுவார், பிறகு அந்த வீட்டை யாரும் சீந்த மாட்டார்கள். நீ அங்கிருந்து என்ன செய்ய முடியும் என்று தெரியும். ஆனாலும் ஒரு வார்த்தை எழுது. நான் தனியாக இதைத் தாங்க மாட்டேன்.

அக்கா

* * *

அன்புள்ள தம்பிக்கு,

அவசரமாக எழுதுகிறேன். ஏன் பதிலே இல்லை? கோபமா? விற்கச் சொன்னதே நீதானே.

முன்கதவுப் பூட்டை மாற்றினேன். மறுநாள் போய்ப் பார்த்தால் கொடியில் வேறு சட்டை சொட்டுகிறது. பின்படிக்கட்டுக் கதவு வழியாக வருகிறான். அந்தக் கதவு இருப்பதே வெளியாருக்குத் தெரியாது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மறைந்து கிடக்கிறது. பல நாள் பார்த்து வைத்திருக்கிறான் என்று நினைத்தால் உடம்பு கூசுகிறது. கடையில் துணியை வெட்டும்போது யாரோ பின்னால் நிற்கிற மாதிரி திரும்பித் திரும்பிப் பார்க்கிறேன். ஒருவருடைய சட்டையில் கையை மாற்றித் தைத்துவிட்டேன். இத்தனை வருஷத் தொழிலில் இப்படி நடந்ததில்லை.

வேறு வழியில்லாமல் புரோக்கரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை. இதெல்லாம் தொழிலில் சகஜமாம். "போலீஸ் கீலீஸ் வேணாம்மா, மாசக்கணக்கா இழுக்கும். நம்ம பசங்க ரெண்டு பேரு இருக்காங்க. கதவைத் திறந்து நாலு போடு போட்டா ஜென்மத்துக்கும் அந்தப் பக்கம் வரமாட்டான்" என்றார். அடிதடி வேண்டாம் என்று முதலில் சொன்னேன். பிறகு, அந்தச் சொட்டுச் சத்தம் ஞாபகம் வந்தது. சரி என்று சொல்லிவிட்டேன். கை காலை உடைத்தாலும் பரவாயில்லை, அவன் போனால் போதும் என்றே சொன்னேன். பயம் மனிதரை என்னவெல்லாம் பேச வைக்கிறது.

நாளை மதியம் போகிறோம். நானும் கூட நிற்க வேண்டுமாம், வீட்டுக்காரி இருந்தால்தான் முறையாம். எனக்காக வேண்டிக்கொள்.

அக்கா

* * *

என் தம்பிக்கு,

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடப்போவதில்லை. மாடிப்படியின் மேல் படியில் உட்கார்ந்து, மடியில் தையல் அட்டையை வைத்து எழுதுகிறேன். நீ கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கிறாய்.

நேற்று நடந்தது உனக்குக் காதில் விழுந்திருக்கும். ஆனால் என் பக்கம் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது. அதைச் சொல்லிவிடுகிறேன். புரோக்கரும் அந்த இரண்டு பேரும் கீழ் அறைகளைப் பார்த்துவிட்டு மேலே ஏறினார்கள். ஒருவன் கையில் இரும்புக் குழாய். இந்த அறை உள்பக்கம் தாழ் போட்டிருந்தது. புரோக்கர் என்னைப் பார்த்து, பார்த்தீர்களா என்பது போலத் தலையை ஆட்டினார். குழாய் வைத்திருந்தவன் தோளைக் கொடுத்துக் கதவை ஒரு இடி இடித்தான். எனக்குப் பார்க்கப் பிடிக்காமல், அந்தச் சின்ன நடை வழியாகப் பால்கனிப் பக்கம் போய்த் திரும்பி நின்றுகொண்டேன். கண்ணுக்கு நேரே கொடி. அதில் தொங்கியது நான் மாட்டிய சட்டை இல்லை.

நீலக்கட்டம் போட்ட சட்டை. காலர் உள்பக்கம் துணி போதாமல் வேறு துணியில் ஒட்டு வைத்துத் தைத்திருந்தது. தம்பி, அந்த ஒட்டை வைத்தது நான். நீ போன வருஷம் அளவு எழுதி அனுப்பி, நான் தைத்து உனக்குப் பார்சலில் அனுப்பிய சட்டை அது. என் தையல் எனக்குத் தெரியாதா? கடல் தாண்டிப் போன சட்டை இந்தக் கொடியில் எப்படி வந்தது என்று ஒரு நொடி எனக்குப் புரியவில்லை. அப்புறம் புரிந்தது.

அதற்குள் இரண்டாவது இடி. நான் ஓடிவந்து கதவுக்கும் அவனுக்கும் நடுவில் நின்றுவிட்டேன். என்ன கத்தினேன் என்று எனக்கே சரியாக நினைவில்லை. "அவன் என் தம்பி. ராத்திரி ஷிப்ட் முடிச்சுட்டுத் தூங்குறான். யாராவது கதவைத் தொட்டா நான் மனுஷியா இருக்க மாட்டேன்" என்றேனாம். டீச்சருக்குத் தெருவில் கேட்டிருக்கிறது. புரோக்கர் என்னைப் பைத்தியம் என்று முடிவு செய்துவிட்டார். சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டே இறங்கிப் போனார். நானேதான் ஆள் கூட்டிவந்து உன் கதவை இடிக்கவைத்தேன். ஒரு இடி கூடுதலாக விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

அவர்கள் போன பிறகு உன்னைக் கூப்பிட்டேன். சின்ன வயதில் கூப்பிடுகிற மாதிரியும் கூப்பிட்டுப் பார்த்தேன். கட்டில் கிறீச்சிட்டது. நீ எழுந்து வந்து கதவருகில் நின்றாய், உன் நிழல் அடியில் தெரிந்தது. ஆனால் திறக்கவில்லை. என்னைப் பார்க்கப் பிடிக்கவில்லை போலிருக்கிறது, நாளை வந்து பேசிக்கொள்ளலாம் என்று ஒரு மடத்தனத்தில் வீட்டுக்குப் போய்விட்டேன்.

போனதும் உன் பட்டறைக்குப் போன் அடித்தேன். பழைய ரசீதில் அந்த எண் இருந்தது. மேஸ்திரி எடுத்தார். அதுவரை போய்ச் சேர்ந்த என் கடிதங்கள் அங்கேயே பிரிக்காமல் கிடக்கின்றனவாம். "உங்களுக்குச் சொல்லலையாம்மா? ஆஸ்பத்திரியிலேருந்து வந்ததும் ஊருக்கு அனுப்பி வச்சுட்டோமே" என்றார். எந்த மெஷினில், எந்தக் கை போனது என்றும் சொன்னார். கேட்டுக்கொண்டேன். பிழியாமல் சொட்டிய சட்டை, போட்டபடியே இருந்த பட்டன், கோழி கிளறிய எழுத்து எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து என் நெஞ்சில் உட்கார்ந்தன. சோம்பேறித் திருடன் என்று எழுதினேனே, பாவி. நல்லவேளை, நீ அதைப் படிக்கவில்லை.

உன் கையைப் பற்றி நான் எதுவும் கேட்க மாட்டேன். நீயாகச் சொல்கிற நாளில் கேட்டுக்கொள்கிறேன், சொல்லாவிட்டாலும் ஒன்றும் இல்லை. அத்தானிடமும் சொல்லிவைத்திருக்கிறேன். அவர் டிவியை அணைத்துவிட்டு முன்னறைச் சாமான்களை ஒதுக்க ஆரம்பித்துவிட்டார். அந்த மனிதர் டிவியை அணைத்து நீ பார்த்திருக்கிறாயா?

எல்லாம் முடிந்து படுத்தபோதுதான் உன் நாலு வரியை மறுபடி நினைத்துப் பார்த்தேன். எனக்கு இனிமேல் வீடு தேவைப்படாது என்று எழுதியிருந்தாய். முதலில் அதைப் படித்தபோது, அங்கேயே கல்யாணம் செய்துகொள்ளப் போகிறாய் என்று நாங்கள் இரண்டு மடையர்களும் சிரித்தோம். இப்போது அந்த வரிக்கு வேறு அர்த்தம் இருக்குமோ என்று தோன்றியதும் என்னால் படுத்திருக்க முடியவில்லை. அந்த அர்த்தத்தை எழுத்தில் எழுத எனக்குத் தைரியம் இல்லை. விடிந்ததும் வந்துவிட்டேன். அத்தான் முழங்காலை இழுத்துக்கொண்டு பின்னாலேயே வந்திருக்கிறார். கீழே டீச்சர் போட்ட நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். இன்றைக்கு யாரிடமும் வலியைப் பற்றிப் பேசவில்லை.

வந்தபோது உள்ளே தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. கூப்பிட்டேன், தட்டினேன். நிழலும் தெரியவில்லை. கதவை உடைத்துவிடலாம் என்கிறார் அத்தான். நேற்று இடித்தது போதும், நான் ஒரு கடிதம் எழுதி முடிக்கிற வரைக்கும் பொறுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். அதனால்தான் இந்த வேகத்தில் எழுதுகிறேன். என் எழுத்தும் இன்று கோணல்மாணலாகத்தான் இருக்கிறது, பார்த்துக்கொள்.

வீட்டுக் காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். மருந்துக்கடைக்காரரிடம் திங்கட்கிழமை பதிவு இல்லை என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டார். வீடு காலியாக இல்லை, சொந்தக்காரர் இருக்கிறார் என்றேன். அவர் மனைவிக்கு முகம் விழுந்துவிட்டது, என்ன செய்வது. இனி விற்பதும் வைப்பதும் நீ சொல்கிறபடி. இங்கேயே இருக்கிறாய் என்றால் இரு. எங்களோடு வருகிறாய் என்றால் அத்தான் முன்னறையைக் காலி செய்துவிட்டார். தையல் கடைக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து என்னைக் கேலி செய்துகொண்டிருந்தாலும் சரி. எனக்கு ஆள் வேண்டும். அளவு சொல்லச் சொல்ல எழுத ஓர் ஆள் இல்லாமல் திண்டாடுகிறேன், எழுத்து எப்படி இருந்தால் என்ன.

கதவுக்கு வெளியே ஒரு பையில் சட்டைகள் வைத்திருக்கிறேன். விடிகிற வரைக்கும் தைத்தது. மேலே பட்டன் தெரியும், அது வெறும் அழகுக்கு. உள்ளே அழுத்துகிற பொத்தான், விரலால் ஒரு அமுக்கு அமுக்கினால் மூடிக்கொள்ளும். இப்போதெல்லாம் இந்த மாதிரிதான் எல்லோரும் கேட்கிறார்கள். அப்படி யாரும் கேட்கவில்லை என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். போட்டுப் பார். தோள் பிடித்தால் சொல், பிரித்துத் தைத்துத் தருகிறேன். துவைக்கிற வேலையை என்னிடம் விட்டுவிடு.

தம்பி, இத்தனை நாள் இந்த வீட்டுக்குள் யாரோ இருக்கிறார்களே என்று பயந்து செத்தேன். இன்றைக்கு இந்தக் கதவுக்குப் பின்னால் ஆள் இருக்க வேண்டுமே என்று பயமாக இருக்கிறது. அந்தப் பயம் ஒன்றுமே இல்லை, இதுதான் பயம்.

நீ கதவைத் திறக்க வேண்டாம். பேச வேண்டாம். என் முகத்தைப் பார்க்கவும் வேண்டாம், அதற்கெல்லாம் நாள் இருக்கிறது. இந்தக் காகிதத்தைக் கதவுக்கு அடியில் தள்ளுகிறேன். முழுவதும் தள்ள மாட்டேன், ஒரு முனை என் பக்கம் இருக்கும். நான் அதையே பார்த்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருப்பேன்.

நூறு வயது இருக்க வேண்டும் என் தம்பி. உள்ளே இழுத்துக்கொள்.

அக்கா